குரலை முகத்துல வைக்கிறதுன்னா என்ன? – பாட்டு கத்துக்கிறவங்க கேள்வி பதில்

கேள்வி: ஒரு வருஷமா பாட்டு கத்துக்கறேன். டீச்சர் எப்பவும் "குரலை முன்னாடி கொண்டு வா, முகத்துல வை"ங்கறாங்க. நான் அப்படிப் பாடினா ஜலதோஷம் பிடிச்சவ பாடற மாதிரி மூக்கால வருது. தொண்டைல இருந்து வர்ற சத்தத்தை முகத்துக்கு எப்படிங்க கொண்டு போறது?

பதில்: கொண்டு போக முடியாதும்மா. சத்தம் பிறக்கிறது குரல்வளைக்குள்ள இருக்கிற ரெண்டு குரல் நாண்கள்ல, அதுக்கு மேல தொண்டையும் வாயும்தான் அதுக்கு வடிவம் கொடுக்குது, நெத்திக்குப் போ கன்னத்துக்குப் போன்னு சத்தத்தைத் திருப்பி விடற வசதி உடம்புல எங்கயும் கிடையாது. ஆனா உங்க டீச்சர் சொல்றதும் தப்பில்ல. நாக்கு, தாடை, உதடு, உள்நாக்கு தொங்குதே அந்த மெத்துன மேலண்ணம், இதெல்லாம் சரியா அமைஞ்சு காத்தும் அளவா வந்துச்சுன்னா அந்த அதிர்வு எலும்பு வழியா ஏறி மேலுதட்டுலயும் மூக்குத்தண்டுலயும் குறுகுறுன்னு தெரியும். டீச்சருக்கு அது தெரியுது, அதைத்தான் உங்ககிட்ட சொல்றாங்க. அது பலன், நீங்க அதையே காரணமா நினைச்சு நேரா அங்க தள்ளப் போறீங்க, அப்போ மேலண்ணம் இறங்கிடுது, காத்து மூக்கு வழியா ஓடுது, மூக்குக் குரல் வந்துடுது.

இதை இப்பவே சோதிச்சுப் பாருங்க. "ஆ"ன்னு ஒரே ஸ்ருதியில நீட்டிப் பிடிச்சுகிட்டே ரெண்டு விரலால மூக்கை மூடி மூடித் திறங்க. சத்தம் மாறவே கூடாது. மாறுச்சுன்னா மேலண்ணம் இறங்கியிருக்குன்னு அர்த்தம். அதே மாதிரி வாயை மூடிகிட்டு "ம்ம்ம்"னு சொல்லி மூக்கை மூடுங்க, சத்தம் உடனே நின்னுடும், ஏன்னா ம, ன, ங எல்லாம் மூக்கு வழியா வர்ற ஒலிகள். உயிரெழுத்துக்கு மூக்கு தேவையில்ல.

இனி பயிற்சி. "ங்ங்ங்"னு பிடிங்க, அப்போ நாக்கோட பின்பக்கமும் மேலண்ணமும் ஒட்டியிருக்கும், அங்க இருந்து சத்தத்தை நிறுத்தாம மெதுவா "ஆ"க்கு வாங்க. நாக்கு பிரியற நொடியில உள்ள ஏதோ திறக்கிற மாதிரி தெரியும், கொட்டாவி ஆரம்பிக்கிறப்போ வருமே அந்த உணர்வு, ஆனா முழுக் கொட்டாவி அளவுக்குப் போகக்கூடாது, போனா நாக்கு பின்னால போய் குரல் மங்கிடும். அடுத்து "இ... எ... ஆ"ன்னு ஒரே ஸ்வரத்துல, ஒரே மூச்சுல. "இ" சொல்றப்போ நாக்கு தானா முன்னாடி உயர்ந்து நிக்கும், அதனால குரல் பளிச்சுன்னு இருக்கும். "ஆ"க்கு வர்றப்போ நிறைய பேருக்கு நாக்கு பின்னால சரிஞ்சு அந்தப் பளிச் போயிடுது. நாக்கு நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால தொட்டுகிட்டே இருக்கட்டும், "இ"ல இருந்த ஒளி "ஆ"லயும் இருக்கான்னு கேளுங்க. டோன், அதாவது குரலோட தன்மை, அதைச் சரி பண்ற வேலைன்னா என்னைக் கேட்டா பாதிக்கு மேல இதுதான், ராகம் பாட்டெல்லாம் அப்புறம். ஸ்வரம் சரியா வந்தா போதும்னு இதைத் தாண்டிப் போயிடறாங்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

அந்தப் பளிச்சுக்கு அறிவியல் காரணமும் இருக்கு. நம்ம காது 2000-ல இருந்து 4000 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு) வரைக்கும் உள்ள ஒலியை ரொம்ப சுலபமா பிடிக்கும். மைக் இல்லாம பெரிய அரங்குல பாடற ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடகர்கள் குரல்ல, முக்கியமா ஆண் குரல்கள்ல, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் சக்தி குவிஞ்சிருக்கிறதை ஸ்வீடன் விஞ்ஞானி யோஹான் சுண்ட்பெர்க் 1970-கள்ல விளக்கினார். வாத்தியக் குழுவோட சத்தம் 500 ஹெர்ட்ஸ் பக்கம்தான் பலமா இருக்கும், 3000-க்கு வர்றப்போ குறைஞ்சிடும், அந்த இடைவெளியில குரல் தனியா கேக்குது. குரல் நாண்களுக்கு சற்று மேல இருக்கிற சின்னக் குழாய்ப் பகுதி குறுகறதுதான் இதுக்குக் காரணம்னு சொல்றாங்க. மைக்ல பாடற நமக்கு அவ்ளோ தேவையில்லதான், ஆனா கத்தாமலே குரல் போய்ச் சேரும்ங்கறதை இதுல இருந்து புரிஞ்சுக்கலாம்.

கேள்வி: கீழ நல்லா பாடறேன் சார், மேல் ஸ்தாயி போனா கழுத்து நரம்பு புடைச்சுகிட்டு குரல் நெரிபடுது. பலமா பாடினாத்தான் எட்டுது, விட்டா எட்டவே மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?

பதில்: பலமா பாடறதுதான் தம்பி பிரச்சனையே. ஒரு ஸ்வரத்துக்குக் குரல் நாண்கள் நொடிக்கு 220 தடவை அதிருதுன்னா அதே ஸ்வரத்தோட மேல் ஸ்தாயிக்கு 440 தடவை அதிரணும். அதுக்கு அது நீண்டு மெலிசாகணும். நீங்க கீழ பாடற அதே தடிமனை வச்சுகிட்டு காத்தை இன்னும் இன்னும் அழுத்தறீங்க, அது மெலிய முடியாம இறுகிடுது, கழுத்து உதவிக்கு வருது.

கட்டைவிரலைத் தாடைக்கு அடியில, எலும்புக்கு உள்பக்கம் இருக்கிற மெத்துன சதையில லேசா வச்சுகிட்டு மேல பாடிப் பாருங்க. கல்லு மாதிரி இறுகி விரலைக் கீழ தள்ளுச்சுன்னா நாக்கோட அடிப்பகுதி குரல்வளையை அமுக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம். அது மெத்துன்னே இருக்கிற வரைக்கும்தான் இப்போதைக்கு உங்க எல்லை, அதுக்கு மேல சத்தமா போக வேண்டாம். பதிலா ஒரு ஸ்ட்ராவை உதட்டுல கவ்வி, அதுக்குள்ள "ஊ"ன்னு கீழ இருந்து மேல, மேல இருந்து கீழ வழுக்கிப் பாடுங்க. கன்னம் உப்பக்கூடாது, மூக்கு வழியா காத்து கசியக்கூடாது. ஸ்ட்ரா சின்னதா இருக்கிறதால காத்து கொஞ்சம் திரும்பி அழுத்தும், அந்த அழுத்தம் குரல் நாண்கள் ஒண்ணோட ஒண்ணு பலமா மோதாம அதிர உதவுது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் இங்கோ டிட்சே இதைப் பத்தி நிறைய ஆராய்ஞ்சிருக்கார். ஸ்ட்ரா இல்லையா, உதட்டை "பர்ர்ர்"னு அதிர விட்டுப் பாடுங்க, அதுவும் இதே வேலைதான். ஸ்ட்ராவுல சுலபமா வந்த உயரத்தை உடனே "ஊ"ல பாடுங்க, அப்புறம் "ஓ", கடைசியாதான் "ஆ". மோவாயைத் தூக்காதீங்க. மேல போகப் போக சத்தத்தைக் குறைங்க, முதல்ல மெல்லிசா பொய்க்குரல் மாதிரி வந்தாலும் பரவாயில்ல, வலு பின்னாடி சேரும்.

கேள்வி: போன்ல ரெக்கார்டு பண்ணிக் கேட்டா என் குரல் மெலிஞ்சு போய் யாரோ மாதிரி இருக்கு. எது என் உண்மையான டோன்?

பதில்: மத்தவங்களுக்குக் கேக்கறது கிட்டத்தட்ட ரெக்கார்டுல இருக்கிறதுதான். நாம பாடறப்போ நம்ம குரல் காத்து வழியா மட்டும் இல்ல, மண்டை எலும்பு வழியாவும் காதுக்கு வருது, அதுல அடிக்குரல் சத்தம் கூடுதலா இருக்கிறதால நமக்கு மட்டும் கனமா கேக்குது. அந்தக் கனத்தை நம்பி டோனைக் கட்டினா வெளிய மங்கலாத்தான் போய்ச் சேரும், நிறைய பேர் உள்ள கேக்கிற கம்பீரத்துக்காகவே நாக்கைப் பின்னால இழுத்துப் பாடறாங்க. அதனால ரெக்கார்டைப் பகையா நினைக்காதீங்க. போனை வாய்க்குப் பக்கத்துல வைக்காம ஒரு கை தூரமாவது தள்ளி வைங்க, எதிரொலி இல்லாத ரூம்ல ஒரே வரியை ரெண்டு விதமா பாடி எது தெளிவா இருக்குன்னு பாருங்க, அப்போ வாய்க்குள்ள எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

கேள்வி: என் குரல் காத்து காத்தா வருது, ஒரு வரி முடியறதுக்குள்ள மூச்சு தீர்ந்துடுது.

பதில்: மூச்சு பத்தாம இல்ல, குரல் நாண்கள் முழுசா சேராம காத்து ஒழுகுது. "நெ நெ நெ"ன்னு சின்னச் சின்னதா, சிணுங்கற குழந்தை மாதிரி கூர்மையா, சத்தம் குறைவா சொல்லிப் பாருங்க. இளம் பெண்கள்ல குரல் நாண்கள் சேர்ற இடத்துல பின்பக்கம் சின்ன இடைவெளி இருக்கிறது சகஜம், பயப்பட வேண்டாம்.

கேள்வி: பிராக்டிஸ் பண்ணா தொண்டை கட்டிக்குது, நடுவுல தண்ணி குடிச்சுகிட்டே பாடலாமா?

பதில்: குடிக்கலாம், ஆனா குடிக்கிற தண்ணி குரல் நாண்களைத் தொடாது, அது உணவுக்குழாய்ல போகுது, உடம்பு முழுக்க ஈரம் சேர்ந்துதான் அங்க பலன் தெரியும், அதனால பாடறதுக்கு ரொம்ப முன்னாடி இருந்தே குடிங்க. தொண்டையைக் கர்ர்னு செருமாதீங்க, அது நாண்களைப் பலமா மோத விடுது, எச்சிலை முழுங்கினாலே போதும். ஒரே மூச்சா ரொம்ப நேரம் பாடறதை விட சின்னச் சின்ன வேளையா பிரிச்சுப் பாடுங்க. கரகரப்பு மூணு வாரத்துக்கு மேல நீடிச்சா, இல்ல பாடறப்போ வலிச்சா, பயிற்சியை நிறுத்திட்டு காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காமிங்க.