அவனே கேட்கும்போது?

வணக்கம் சார்,

என் அண்ணன் மகனுக்கு வயது 24. தனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டான். அண்ணி சரியாகச் சாப்பிடுவதே இல்லை. அவன் தங்கைக்கு வரன் வேறு பார்க்கிறோம். இப்போது அவனே ‘எப்படியாவது என்னை மாத்திடுங்க’ என்கிறான். ஒரு மனநல டாக்டர் பத்து சிட்டிங்கில் சரிபண்ணலாம் என்கிறார். இதற்குத் தடை இருப்பதாகவும் சொல்கிறார்கள். வயது வந்தவன் தானே கேட்கும்போது மறுப்பது என்ன நியாயம்? மாறியவர்களும் இருக்கிறார்களாமே?
எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கேட்டதை எடுத்துக்கொடுக்க ஆஸ்பத்திரி ஒன்றும் மளிகைக்கடை இல்லை. இதில் என்ன பலன், என்ன கெடுதல் என்று டாக்டர் உள்ளபடி சொல்லி, அதற்குப் பிறகு நோயாளி சம்மதித்தால்தான் அது சம்மதம். இங்கே நோயே இல்லை, பலனும் இல்லை. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரும் ஆபத்து மட்டும் இருக்கிறது. அப்புறம் எதற்குச் சம்மதம்?

மாறியவர்கள் என்றீர்கள். ராபர்ட் ஸ்பிட்சர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், 1973-ல் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததில் முக்கியப் பங்கு வகித்தவர், அவரே 2003-ல் 200 பேரிடம் போனில் பேட்டி எடுத்து, சிலர் மாறியிருக்கிறார்கள் என்று கட்டுரை வெளியிட்டார். ‘மாறிவிட்டேன்’ என்று அவர்கள் சொன்னது மட்டும்தான் ஆதாரம், அதிலும் பெரும்பாலோர் ஏற்கெனவே இந்தச் சிகிச்சையை ஆதரித்து வெளியில் பேசிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ள வழியே இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு 2012-ல் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் இன்றுவரை அந்தக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்!

தடை உண்மைதான். ஒருவரையொருவர் காதலித்து, வீட்டைவிட்டுச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 7.6.2021 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி ‘மாற்றும்’ முயற்சிகளைத் தடைசெய்தார். தனக்கு இது புரியவில்லை என்று முதலில் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் தீர்ப்பு எழுதினார், அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

‘அவனே கேட்கிறான்’ என்பதற்கு வருகிறேன். அம்மா சாப்பிடவில்லை, தங்கைக்கு வரன் அமைய வேண்டும், இதெல்லாம் நீங்கள் எழுதியதுதான். இந்த நிலைமையில் 24 வயதுப் பையன் வேறு எதைக் கேட்பான்? அவன் பெண்கள் மேல் ஆசை வேண்டும் என்றா கேட்கிறான்? அம்மா சாப்பிட வேண்டும் என்று கேட்கிறான், அவ்வளவுதான்.

கவுன்சிலிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாற்றுகிறேன் என்று சொல்லாத ஒருவரிடம் அவன் போகட்டும், தனியாக. நீங்கள் யாரும் கூடப் போக வேண்டாம். அண்ணனும் அண்ணியும் வேறொரு நாள் போகலாம், அவர்களுக்குத்தான் அவசரம். அந்தப் பத்து சிட்டிங் டாக்டர் மேல் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அட்வான்ஸ் கட்டியிருந்தால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.