கப்பலில் முதல் நாள்: கேள்வி பதில்

19 வருடம் பயணிகள் கப்பல்களில் கேபின் பராமரிப்பு வேலை பார்த்தேன். இப்போது ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபியும் மிளகும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீண்ட கப்பல் பயணம் கிளம்பும் சேலத்துக்காரர்கள் முதல் நாளைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். டிக்கெட், விசா கேள்விகளை உங்கள் டிராவல் ஏஜென்டிடம் கேளுங்கள்.

அஸ்தம்பட்டி: ஏறியதும் முதலில் என்ன செய்ய வேண்டும் அண்ணா? சாப்பிடப் போகலாமா?

சாப்பாடு எங்கேயும் போகாது. முதலில், ஏறும்போது உங்களுக்குத் தரும் கப்பல் கார்டில் என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடம் அது. மஸ்டர் ஸ்டேஷன் என்பார்கள். கேபினிலிருந்து அந்த இடத்துக்குப் படி வழியாக ஒரு முறை நடந்து போங்கள். ஆபத்தில் லிப்ட் கிடையாது, அதனால் கால் வழியை அறிந்திருக்க வேண்டும். 7 குறுகிய ஒலி, பிறகு 1 நீண்ட ஒலி கேட்டால் அதுதான் அபாய அறிவிப்பு. கேபினில் எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று எண்ணுங்கள். குழந்தை இருந்தால் சின்ன அளவு கேட்டு வாங்குங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2012 ஜனவரி 13 இரவு கோஸ்டா கான்கார்டியா கப்பல் இத்தாலியின் ஜீலியோ தீவுக்குப் பக்கத்தில் பாறையில் மோதியது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பல நூறு பேருக்கு, ஆபத்தில் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் பயிற்சி இன்னும் நடக்கவில்லை; மறுநாளுக்கு வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. இன்று பல கப்பல்களில் டிவியில் வீடியோ பார்த்துவிட்டு, அந்த இடத்துக்குப் போய்க் கார்டைக் காட்டினால் போதும். அப்படி இருந்தாலும் நடந்து பார்க்காமல் விடாதீர்கள்.

அடுத்தது பெட்டி. துறைமுகத்தில் கொடுத்த பெட்டி கேபின் வாசலுக்கு வர இரவுகூட ஆகலாம். அதனால் மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். ஒரு பெரியவர் இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டார். பெட்டி வந்தபோது மணி 9. அதுவரை அவர் சாப்பிடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி எல்லாம் கையில்.

ஐந்து ரோடு: பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே?

நீண்ட பயணங்களில் வழக்கம்தான். துறைமுகச் சோதனைக்காக ரிசப்ஷனில் பத்திரமாக வைப்பார்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டை: சின்ன ரைஸ் குக்கர், கெட்டில் கொண்டு போகலாமா?

கூடாது. அயர்ன் பாக்ஸும் கூடாது. கடலில் தீப்பிடித்தால் ஓடிப் போக இடமில்லை, தீயணைப்பு வண்டியும் வராது. ஏறும்போதே ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஏற்காடு வேன் டிரைவர் தம்பி: தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறேன். எனக்குக் கடல் என்ன செய்யும்?

தம்பி, நீங்கள் ஸ்டியரிங் பிடித்திருக்கிறீர்கள். வளைவு எப்போது வரும் என்று உடம்புக்கு முன்பே தெரியும். கண் பார்ப்பதும் உள்காது உணர்வதும் ஒத்துப் போகின்றன. அதே வேனில் பின்சீட்டில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டே வாருங்கள், வித்தியாசம் தெரியும். கப்பலில் எல்லாருமே பின்சீட்டுதான்.

கன்னங்குறிச்சி அக்கா: தம்பி சொல்வது தவறு, உங்கள் பதிலும் முழுசாகச் சரியில்லை. என் மாமியாருக்கு அடிவாரம் தாண்டினாலே வாந்தி. ஆனால் சென்னையிலிருந்து அந்தமான் கப்பலில் போனபோது ஒன்றுமே ஆகவில்லை!

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அக்கா. மலை வளைவு வெடுக்கென்று இழுக்கும், கப்பலின் ஆட்டம் மெதுவானது. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்ளலாம். அன்று கடல் அமைதியாகவும் இருந்திருக்கும். மாமியாரை வைத்து உங்களைக் கணிக்காதீர்கள்.

மறுபடி டிரைவர் தம்பி: அப்படியானால் கேப்டனுக்கு வராதா? அவர்தானே ஓட்டுகிறார்?

வரும். விடுமுறை முடிந்து திரும்பிய முதல் நாளில் அனுபவசாலி மாலுமிகள் வாளியோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடல் குமட்டல் கடைசிவரை போகவில்லை. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். கேபின் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். குமட்டினால் வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள். மாத்திரையைக் குமட்டல் வரும் முன்பே போட வேண்டும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. அந்த மாத்திரையும் கைப்பையில்தான்.

அம்மாப்பேட்டை: தட்டுவடை, இட்லிப் பொடி, மாங்காய்த் தொக்கு?

கம்பெனி பாக்கெட்டில் சீல் வைத்தது பெரும்பாலும் போகும். வீட்டில் செய்ததைப் பல கப்பல்கள் ஏற்பதில்லை. ஏறிய பிறகும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து துறைமுகங்களில் சாப்பாட்டுப் பொருளைக் கரைக்குக் கொண்டு இறங்காதீர்கள். விதை, பழம், கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் அங்கே கெடுபிடி, அபராதமும் உண்டு. சைவம் என்றால் முதல் நாள் இரவே டைனிங் ஹால் மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லுங்கள். ஒரு நாள் முன்னால் சொன்னால் சமையலறையில் தனியாகச் செய்து தருவார்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவும் நோரோ வைரஸுக்குச் சானிடைசர் போதாது.

சூரமங்கலம்: இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்?

செவ்வாய்ப்பேட்டைக்குச் சொன்னதுதான். கூடாது.

அழகாபுரம்: பயணத்தில் ஆப்பிரிக்கா, பிரேசில் வருகிறது. ஊசி வேண்டுமா?

மஞ்சள் காய்ச்சல் ஊசி. இது இல்லாமல் ஏறும் இடத்திலேயே நிறுத்தப்படலாம். அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பும்போதும் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமையில் வைப்பார்கள். போட்டு 10 நாள் கழிந்தால்தான் செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சான்றிதழும் கைப்பையில்.

கொண்டலாம்பட்டி: போன் பில்?

கப்பலைக் கரையில் கட்டிய கயிறு அவிழ்க்கும் முன் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க் தானாக ஒட்டிக்கொண்டால் பில் எகிறிவிடும்.

ஜங்ஷன்: பெட்டி வர லேட்டானால் என்ன செய்வது? கெட்டில் எடுத்துப் போகலாமா?

மேலே இரண்டுக்கும் பதில் இருக்கிறது. தயவுசெய்து முதல் பதிலை முழுசாகப் படியுங்கள். மருந்து கைப்பையில்.

ஏற்காடு, கல்லூரி மாணவி: புறப்படும்போது எங்கே நின்று பார்க்கலாம் சார்?

நல்ல கேள்வி அம்மா. மேல்தளத்துக்குப் போங்கள், ஆனால் கரை மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். துறைமுக வாயைத் தாண்டியதும் ஒரு சின்னப் படகு கப்பலை ஒட்டி வரும். வழிகாட்டிய உள்ளூர் பைலட் கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணியில் இறங்கி, ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் படகில் கால் வைப்பார். 19 வருடத்தில் வேலை இல்லாத நேரமெல்லாம் அதைப் பார்க்கப் போய் நின்றிருக்கிறேன். படகு எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கக் கம்பியோரம் நில்லுங்கள்.