பிரான்ஸ், ஸ்பெயின் எல்லை பைரனீஸ் மலை முகட்டை ஒட்டியேதான் செல்கிறதா?

பெரும்பாலும் ஆம். 1659இல் இரு நாடுகளும் செய்துகொண்ட பைரனீஸ் உடன்படிக்கை மலைமுகட்டையே எல்லையாக வைத்தது. வடக்கே இறங்கும் தண்ணீர் பிரான்சுக்கு, தெற்கே இறங்குவது ஸ்பெயினுக்கு என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் இந்த மலையின் அழகே அந்தக் கணக்கு பொய்க்கும் இடங்களில்தான் இருக்கிறது என்பேன்.

அரான் பள்ளத்தாக்கைப் பாருங்கள். முகட்டுக்கு வடக்கே கிடந்தாலும் அது ஸ்பெயினைச் சேர்ந்தது. பிரான்சின் பேராறுகளில் ஒன்றான கரோன் அங்கேதான் பிறக்கிறது. 1948இல் வியேல்யா சுரங்கப்பாதை திறக்கும்வரை, பனிக்காலத்தில் தெற்குக் கணவாய்கள் அடைபட்டால் அந்த மக்கள் சொந்த நாட்டுக்குச் செல்லவே பிரான்ஸ் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. அவர்களின் அரானீஸ் மொழியும் தெற்கு பிரான்சின் ஆக்சிதான் மொழியின் ஒரு வடிவமே.

கிழக்கே செர்தான்யா பள்ளத்தாக்கில் நிலைமை தலைகீழ். செக்ரே ஆறு பிரெஞ்சு மண்ணில் பிறந்து ஸ்பெயினுக்குள் நுழைந்து அந்நாட்டின் எப்ரோ ஆற்றில் சேர்கிறது. உடன்படிக்கையின்படி அங்கே 33 கிராமங்கள் பிரான்சுக்குக் கொடுக்கப்பட்டன. லீவியா கிராமம் அல்ல, நகரம் என்று வாதிட்டு அதை ஸ்பெயின் வைத்துக்கொண்டது. இன்றும் அது நாற்புறமும் பிரான்ஸ் சூழ்ந்த ஸ்பானிய ஊர்.

எனக்கு மிகவும் பிடித்தது அனெட்டோவின் கதை. 3,404 மீட்டர் உயரமுள்ள இதுதான் பைரனீஸின் மிக உயர்ந்த சிகரம்; முழுவதும் ஸ்பெயினுக்குள், முகட்டுக்குத் தெற்கே நிற்கிறது. அதன் பனியாற்றிலிருந்து உருகி வரும் நீர் மலையடியில் ஒரு பெரிய குழிக்குள் விழுந்து மறைந்துவிடுகிறது. சிகரம் கருங்கல், ஆனால் இந்த இடத்தில் சுண்ணாம்புப் பாறை குறுக்கிடுவதால் நீர் அதை அரித்து வழி செய்துகொண்டிருக்கிறது. அது எங்கே வெளிவருகிறது என்பதில் நெடுநாள் சர்ச்சை. 1931இல் பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் நோர்பெர் காஸ்தெரே அந்தக் குழியில் 60 கிலோ சாயத்தைக் கொட்டினார். அரான் பள்ளத்தாக்கின் ஊற்றொன்று பச்சையாகப் பொங்கியது! தெற்குச் சரிவின் நீர் முகட்டுக்கு அடியிலேயே புகுந்து வடக்கே போய், கரோன் வழியாக அட்லாண்டிக்கில் கலக்கிறது. ஸ்பெயின் பக்கத்தில் மின்சாரத்துக்காக அதைத் திருப்பும் யோசனை இருந்த காலம் அது. திருப்பினால் கரோனில் நீர் குறையும் என்பது அந்தச் சோதனையால்தான் உறுதியானது.