1962 என்று போட்டிருந்தால் முதல் பதிப்பா?

கேள்வி: அமெரிக்க ஓவியர் எட் ருஷேயின் ‘ட்வென்டிசிக்ஸ் கேசோலின் ஸ்டேஷன்ஸ்’ என்ற புகைப்படப் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் 1962 என்று இருப்பதைப் படமெடுத்துப் போட்டு, ‘முதல் பதிப்பு’ என்கிறார் விற்பவர். விலையைப் பார்த்தால் மயக்கமே வருகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். 1962 என்பது பின்னால் வந்த பதிப்புகளின் தலைப்புப் பக்கத்திலும் அப்படியே இருக்கும். புத்தகம் வெளிவந்ததே 1963-இல்தான். அப்போது அச்சிட்டது 400 பிரதி. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 1967-இல் 500, 1969-இல் 3000 என்று மேலும் இரண்டு பதிப்புகள் வந்தன. அவற்றுக்கு எண் கிடையாது. ஆகவே பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்றில்லை, பலருக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், எண் போட்டது தவறு என்று 1965-ஆம் ஆண்டுப் பேட்டியிலேயே ருஷே சொல்லிவிட்டார். பெட்ரோல் பங்குகளைச் சாதாரணமாகப் படமெடுத்து, சாதாரணமாக அச்சடித்து, சில டாலருக்கு விற்ற புத்தகம் அது. இன்றைக்கு அந்த எண்ணுக்குத்தான் காசு கொட்டுகிறார்கள்! படங்களைப் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் மூன்றாம் பதிப்பே போதும். அதுவும் அவரே வெளியிட்டதுதான், மலிவு நகல் இல்லை. சேகரிப்புக்காக என்றால் மட்டும் 400-இல் ஒன்றைத் தேடுங்கள்.

அப்புறம், புத்தகத்தின் நிலை. மேலே சுற்றிய மெல்லிய கிளாசின் தாள் உறை எளிதில் கிழியும். அது இருக்கிறதா, எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். முதுகு (அலமாரியில் வைத்தால் வெளியே தெரியும் ஓரம்) மங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கையெழுத்து இருப்பதாகச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், அது எங்கே, எப்போது போட்டது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

இதே ருஷேயின் 1966 புத்தகம், லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்டிரிப் சாலையின் இருபக்கக் கட்டடங்களையும் வரிசையாகக் காட்டுவது, கண்ணில் பட்டால் இன்னும் கவனம் தேவை. விசிறி மடிப்பாக விரிக்க விரிக்க ஏறக்குறைய 7.6 மீட்டர் நீளும். தாள்களை ஒட்டிய இடங்களும் மடிப்புகளும்தான் முதலில் விட்டுப்போகும். முழுக்க விரித்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளி நிற அட்டை உறையின் மூலைகளையும் அதிலேயே காட்டச் சொல்லிவிடலாம்.