வண்டி போச்சு, பேர் போகலை

கேள்வி: ஐயா, நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். என் வீட்டுக்காரர் 2019-ல் ஃபைனான்ஸில் ஒரு குட்டி யானை எடுத்தார். கொரோனாவில் ஓட்டம் இல்லாமல் டியூ நின்றுபோய், ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அவர் தோல் பதனிடும் ஷாப்பில் கூலி. மகளிர் உரிமைத் தொகைக்கு நான் போட்ட மனுவை ‘நான்கு சக்கர வாகனம் உள்ளது’ என்று தள்ளிவிட்டார்கள். எங்கள் தெரு மாடி வீட்டு அம்மாவுக்கு மாதம் ஆயிரம் ஏறுகிறது. அவர் மகன் காரில் போகிறார். ஆனால் மகனுக்குத் தனி கார்டு. ரேஷனில் என் கை ரேகையும் விழ மாட்டேன் என்கிறது. இது என்ன நியாயம்?
– பெயர் வேண்டாம், பேரணாம்பட்டு

பதில்: நியாயமில்லைதான் அம்மா. ஆனாலும் முதலில் காரியத்தைப் பார்ப்போம்.

வண்டி போய்விட்டது, ஆர்.சி.யில் உங்கள் வீட்டுக்காரர் பேர் அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைத்தான் பார்க்கும். வண்டியைப் பிடித்த ஃபைனான்ஸ், 36-ஆம் எண் படிவம் கொடுத்துத் தன் பேருக்குப் புது ஆர்.சி. வாங்க வேண்டும். வாங்காமல் கைமாற்றிவிட்டால், நாளைக்கு அந்த வண்டி எங்கேயாவது மோதினாலும் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். ஆயிரம் ரூபாயைவிட இது அவசரம்.

வண்டியைப் பிடித்த தேதி போட்டு ஃபைனான்ஸில் ஒரு கடிதம் கேளுங்கள். தராவிட்டால் பதிவுத் தபாலில் கேட்டு, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அந்த நகல்களோடு வண்டி ஆர்.டி.ஓ.விடம் எழுதிக் கொடுங்கள். அப்புறம் இ-சேவை மையம் வழியாகக் குடியாத்தம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. (அவரும் ஆர்.டி.ஓ.தான். வரிசை மாறி நின்று ஒரு நாள் கூலியை விட்டவர்களை எனக்குத் தெரியும்.) 2023-ல் திட்டம் தொடங்கியபோது மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு வைத்தார்கள். அது தாண்டியிருந்தால், திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

இனி நியாயத்துக்கு வருகிறேன். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள், புஞ்சை 10 ஏக்கருக்குள், கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் மாதிரி நான்கு சக்கர வாகனம் கூடாது. தொடங்கும்போது போட்ட இந்த விதிகளில் எதை வாசித்தாலும் சரி என்றுதான் தோன்றும். மாடி வீட்டு அம்மாவும் பொய் சொல்லவில்லை. கார்டு பிரிந்த அன்றைக்கே காரும் பிரிந்துவிட்டது. ஒரு குடும்பம் எப்போதோ வாங்கியது பதிவேட்டில் நிற்கிறது. அது கையை விட்டுப் போனதை எழுத யாரும் ஆபீசுக்குப் போவதில்லை.

இதைச் சொல்லும் நானும் அந்தப் பேனாவைப் பிடித்தவன்தான். கிராம நிர்வாக அலுவலராக இருந்தபோது ஒரு கிழவியின் முதியோர் பென்ஷன் மனுவுக்கு விசாரணைக்குப் போனேன். ஓலைக் கொட்டகை. கவிழ்த்த ஒரு அலுமினியக் குண்டான். அடுப்புக்குள் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோழி அடைக்கு 21 நாள். அன்றைக்கு எத்தனையாவது நாள் என்று நான் கேட்கவில்லை. பெங்களூருக்குப் போய்த் தலையைக் காட்டாத மகன் ஒருவன் இருந்தான். ஆதரவற்றவர்தானா என்று சொல்ல வேண்டியது நான். என் படிவத்தில் மகனுக்குக் கட்டம் இருந்தது, அடுப்புக்கு இல்லை. ‘மகன் உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்த அம்மாள் எனக்கு மோர் கொடுக்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார்.

அதனால்தான் அளந்து கொடுக்கும் திட்டம் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த அடுப்பு ஞாபகம் வருகிறது. 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தது. தமிழ்நாடு எல்லோருக்கும் பொது என்றே வைத்துக்கொண்டது. இருக்கிறவனுக்கும் போகிறதே என்று நாங்களே ஆபீசில் முணுமுணுத்திருக்கிறோம். இப்போது உங்கள் கடிதத்தைப் பாருங்கள்: அரிசிக்காக உங்களிடம் குட்டி யானையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. விரலைத்தான் கேட்டார்கள்.

விரல் விஷயம்: இலையும் கத்தரியும் நூலுமாக வருஷக்கணக்கில் உழைத்த விரலில் ரேகை தேயத்தான் செய்யும். கடையில் கருவிழி பார்க்கும் கருவி இருந்தால் அதில் பதியச் சொல்லுங்கள். இல்லையென்றால் கார்டில் பேர் உள்ள யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறும் கடை உண்டு. ஷாப் லீவு என்றால் வீட்டுக்காரரை அனுப்புங்கள். அவர் கையும் தோலில் சுண்ணாம்பு போடுகிற கை என்றால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூடவே அனுப்புங்கள்.