தண்ணீரில் மிதக்கும் பூவைப் படம் எடுப்பது: கேட்டவையும் பதில்களும்

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, வீட்டு விசேஷத்துக்கு உருளியில கேந்தியும் ரோஜாவும் மிதக்க விட்டிருக்கோம். மேலே நின்னு போன்ல எடுத்தா என் தலையும் டியூப் லைட்டும்தான் தெரியுது.

நேர் மேலேயிருந்து பார்த்தால் தண்ணீர் கண்ணாடிதான். அந்தக் கோணத்தில் போலரைசரும் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் ஃபில்டர்) கைகொடுக்காது. லைட்டையும் ஃபேனையும் அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உருளியை வையுங்கள். கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, போனை அதன் பின்னால் பிடித்து எடுங்கள். உருளியின் வாய் ஒரு அடி என்றால் அட்டை இரண்டு அடி இருக்க வேண்டும். பிரதிபலிப்பில் கேமரா மட்டத்தில் தெரியும் அகலம் தண்ணீரின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. சின்ன அட்டை என்றால் ஓரத்தில் கூரை எட்டிப்பார்க்கும்.

அவரே: பூவெல்லாம் ஓரத்துல போய் ஒட்டிக்கிடுதே?

தண்ணீர் குறைவாக இருக்கிறது. பாதி நிறைந்த உருளியில், பாத்திரத்தைத் தொடும் இடத்தில் தண்ணீர் லேசாக மேலேறி நிற்கும். எடையில்லாத பூ அந்த மேட்டை நோக்கித்தான் நகரும். விளிம்பு வரை ஊற்றி, பிறகு ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தண்ணீர் விளிம்புக்கு மேல் மயிரிழை அளவு பொம்மி நின்றதும் பூக்கள் தாமாக நடுவுக்குத் திரும்பும். பூவைப் போட்டாலும் மட்டம் ஏறும், அதனால் பூவைப் போட்ட பிறகே கடைசி ஸ்பூன். ரோஜா சாய்ந்தால் காம்பை இதழடியோடு நறுக்கி, ரூபாய்க் காசு அளவு வாழைத்தட்டைத் துண்டில் குத்தி விடுங்கள். பிச்சியைக் கடைசியில் போடுங்கள், கசங்கினால் பழுப்பேறிவிடும்.

மானூர் பக்கத்திலிருந்து: குளத்துல தாமரை, அல்லி எடுக்க எப்ப போகணும்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகி, தண்ணீர் தெளிந்த பிறகு. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று தண்ணீரை நிற்கவிடாது. அப்போது போனால் விடிந்த முதல் ஒரு மணி நேரம்தான், ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையக் கூடாது. இரவில் மலரும் வெள்ளை அல்லி வெயில் ஏற ஏறக் கூம்பும், அதை முதலில் முடியுங்கள். தாமரை காலையில் விரிந்து உச்சிக்குள் மூடத் தொடங்கும். தாமரைப் பூ மிதப்பதில்லை, காம்பில் நிமிர்ந்து நிற்கும். மிதப்பது மூன்றாம் நாலாம் நாளில் உதிரும் இதழ்தான். தோணி போலக் குழிந்து, உள்ளே ஒரு துளி நீரோடு கிடக்கும் அந்த இதழுக்கு இணையான படம் எனக்குத் தெரிந்து குளத்தில் வேறு இல்லை. சகதியில் இறங்க வேண்டாம், 200 மி.மீ. லென்ஸ் கரையிலிருந்தே எட்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: வெள்ளை அல்லி வெறும் வெள்ளைத் திட்டா வருது சார்.

சுற்றியுள்ள கறுத்த தண்ணீரைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −1ல் வைத்துத் தொடங்குங்கள். போனில் இதழை அழுத்திப் பிடித்து, லாக் ஆனதும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள், இதழின் நரம்புகள் தெரியும் வரை. சிவப்புத் தாமரையில் இதே கோளாறு சிவப்பு நிறத்தில் மட்டும் வரும், ஆகவே ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்புக் கோட்டைத் தனியாகப் பாருங்கள்.

களக்காட்டிலிருந்து: போலரைசர் வாங்கலாமா அண்ணே?

கட்டாயம். தண்ணீர்ப் பரப்பிலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி சரிவில் பார்க்கும்போதுதான் அது முழுதாக வேலை செய்யும். வளையத்தை மெல்லத் திருப்புங்கள், வானத்தின் வெளுப்பு மறைந்து இலையின் பச்சை எழும் இடத்தில் நிறுத்துங்கள். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி), ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றிக்கொள்ளுங்கள். பிரதிபலிப்பு வேண்டுமென்றால் அங்கிருந்து 90 டிகிரி திருப்பினால் போதும்.

வள்ளியூரிலிருந்து: பூவும் தண்ணியில தெரியுற பனைமரமும் சேர்ந்து தெளிவா வரமாட்டேங்குது.

பனையின் நிழல் தண்ணீர் மேல் தெரிந்தாலும், ஃபோகஸுக்கு அது பனை நிற்கும் தூரத்தில்தான் இருக்கிறது. பூ இரண்டு மீட்டரில், பனை முப்பது மீட்டரில். அகல லென்ஸில் துளையைச் சுருக்கி எஃப்/11 வைத்தால் ஓரளவு சேரும். என் விருப்பம், பூவில் மட்டும் ஃபோகஸ் வைத்துப் பனையை மங்கலாக விடுவது. கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்துக்கு இறக்குங்கள். போன் என்றால் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தண்ணீரை ஒட்டி வரும்.

குறுக்குத்துறையிலிருந்து: படித்துறை ஓரம் ஆத்துல போற பூ கோடா தெரியணும்.

ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப்/11. அதிகாலையில் 1/30 காட்டினால் என்டி8 (வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர்) போட்டு 1/4 நொடி, என்டி64 போட்டு இரண்டு நொடி. 1/4ல் பூ பூவாகவே தெரியும், இரண்டு நொடியில் வெறும் நிறக்கோடு. ஃபோகஸ் கல்படியில் இருக்கட்டும். படத்துக்காகப் புதிதாக ஆற்றில் பூப் போடாதீர்கள்.

மேலப்பாளையத்திலிருந்து: அமலைச்செடி (வெங்காயத்தாமரை) பூவ எடுக்கலாமா?

எடுங்கள். தண்ணீரே தெரியாமல் மூடிக் கிடக்கும் நடுப்பகுதியை விட்டு, தனியாக ஒதுங்கிய செடியைத் தேடுங்கள். மேல் இதழில் நீலம் சூழ்ந்த மஞ்சள் பொட்டு ஒன்று உண்டு, ஃபோகஸ் அங்கே.