மெட்ரோவில் சைக்கிள் ஏற்றலாமா?

கேள்வி: மொரிஷியஸில், வாக்வாவில் குடியிருக்கிறேன். வேலை போர்ட் லூயியில், மேர் ரூஜ் பக்கம். வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர் இருக்கும். விக்டோரியா ஸ்டேஷனில் இறங்கினாலும் அங்கிருந்து வேலையிடம் தூரம்தான். என்னிடம் 26 அங்குலச் சக்கரம் வைத்த மலை சைக்கிள் இருக்கிறது. அதை மெட்ரோவில் ஏற்ற முடியுமா? இணையத்தில் ஒருவர், மடக்கும் பேட்டரி சைக்கிளை 'மெட்ரோ அனுமதியோடு' தருவதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஒரு சைக்கிளோடு சேர்த்து விற்கக்கூடிய 'மெட்ரோ அனுமதி' என்று எதுவும் எந்தக் கடைக்காரர் கையிலும் கிடையாது. ரயில் நடத்துகிறவர்கள் அளவு சொல்வார்கள், நேரம் சொல்வார்கள். இன்னாரிடம் வாங்கிய சைக்கிளை ஏற்றலாம் என்று சீட்டு எழுதித் தருவதில்லை. அப்படி ஒரு தாளையோ ஸ்டிக்கரையோ காட்டினால், அதை அச்சடித்தவர் அவரேதான்.

இனி உங்கள் மலை சைக்கிள். அதை நம்பித் தினசரிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். நம் மெட்ரோ வண்டி 45 மீட்டர் நீளம். வெளியிலிருந்து பார்க்கப் பெரிதாகத்தான் தெரியும். உள்ளே அகலம் இரண்டரை மீட்டர்கூட வராது. உங்கள் சைக்கிள் சுமார் 170 சென்டிமீட்டர் நீளம், ஹேண்டில் அகலம் 65 சென்டிமீட்டருக்கு மேல். காலையில் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் நெருக்கி நிற்கும்போது கதவருகே அது நின்றால், சக்கர நாற்காலிக்காரர் ஏற முடியாது, கைக்குழந்தையோடு வருபவர் இறங்க முடியாது. ஊழியர் உங்களைத் தடுத்தால் அவர் மேல் கோபப்படாதீர்கள்.

வழி இருப்பது மடக்கும் சைக்கிளில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை எல்லாம் நடப்பது இங்கேதான்.

உலகம் முழுக்க நகர ரயில்காரர்கள் நினைப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: மடித்துக் கட்டிவிட்டால் அது சைக்கிள் அல்ல, மூட்டை. சிங்கப்பூரில் மடித்த பிறகு 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டு போகலாம். ஜப்பானில் முழுவதும் பைக்குள் போக வேண்டும்; ஒரு சக்கரம் வெளியே எட்டிப் பார்த்தாலும் ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 250 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எனவே 'மடக்கும் சைக்கிள்' என்ற பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், மடித்த பின் வரும் அளவைப் பார்த்து வாங்குங்கள். 16 அங்குலச் சக்கரம் வைத்த பிராம்ப்டன் மாதிரி வண்டி மடித்தால் ஏறக்குறைய 65க்கு 59க்கு 27 சென்டிமீட்டர். எடை 11, 12 கிலோ. 20 அங்குலச் சக்கர வண்டிகள் மடித்தால் 80 சென்டிமீட்டர் நீளம், 65 உயரம், 35 முதல் 40 வரை தடிமன் வரும். இரண்டும் பரவாயில்லை. நடுவில் ஒரு கீல் வைத்து 26 அங்குலச் சக்கரத்தோடு வரும் 'மடக்கும்' வண்டிகள் கார் டிக்கியில் போடத்தான் லாயக்கு.

கடைக்கு அளவு நாடா கொண்டு போங்கள். உங்கள் கையாலேயே மடியுங்கள், விரியுங்கள், மறுபடி மடியுங்கள். கடைக்காரர் செய்து காட்டும்போது எல்லாமே பத்து வினாடியில் முடியும். கீல் பூட்டை மாட்டிய பிறகு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நடுக் கீலிலோ ஹேண்டில் கீலிலோ டக், டக் என்று ஆட்டம் தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். ஓடும்போது கீல் விலகினால் முகம்தான் முதலில் தரையைத் தொடும். பட்டறைக்கு வரும் மலிவு வண்டிகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். கீல் ஆணி தேய்ந்த பிறகு எந்த மெக்கானிக்காலும் அதைப் புதிதாக்க முடியாது.

தேர்ந்தெடுத்த வண்டியின் மூன்று அளவையும் எடையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பணம் கட்டுவதற்கு முன்பே மெட்ரோவை நடத்தும் மெட்ரோ எக்ஸ்பிரஸ் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் வாய்மொழியாகக் கேட்பது போதாது. இன்று இருப்பவர் 'சரி' என்பார், நாளை இருப்பவர் 'முடியாது' என்பார். இந்த அலைச்சல் பயணிக்கு எதற்கு? எவ்வளவு பெரிய சாமான் ஏற்றலாம் என்பதைப் படம் போட்டு ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் மாட்டிவிட்டால் 'மெட்ரோ அனுமதி' விற்கும் தரகர்களில் பாதிப் பேர் தொழிலை விட்டுப் போய்விடுவார்கள். ரயில் பாதைக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறோம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்குமான மூன்று கிலோமீட்டரை மட்டும் பயணியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பேட்டரி வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று கிலோமீட்டருக்குக் கால் போதும். பேட்டரி போட்ட மடக்கு வண்டி 18 கிலோவுக்குக் குறையாது, 25 வரைக்கும் போகும். லிஃப்ட் வேலை செய்யாத அன்று அதைப் படியில் தூக்கிப் பாருங்கள். அதைவிடப் பெரிய கவலை தீ. லண்டனில் 2021 நவம்பரில் சுரங்க ரயில் ஒன்றில், நின்றுகொண்டே ஓட்டும் மின் ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. மறு மாதமே அங்கே மின் ஸ்கூட்டருக்குத் தடை வந்தது. 2025 மார்ச் 31 முதல் மடிக்க முடியாத மின் சைக்கிளையும் அதே ரயில்களில் தடுத்துவிட்டார்கள். ஒரு ஊரில் தீ பற்றினால் மற்ற ஊர்க்காரர்களும் விதியை இறுக்குவார்கள். இன்று அனுமதி உண்டு என்று வாங்கும் பேட்டரி வண்டியை நாளை வீட்டில் நிறுத்தி வைக்க வேண்டி வரலாம்.

அப்படியும் வேண்டும் என்றால், பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். சைக்கிளுக்கு இஎன் 15194, பேட்டரிக்கு இஎன் 50604 அல்லது யூஎல் 2271 என்ற தர எண் இருக்க வேண்டும் (இஎன் ஐரோப்பியத் தரம், யூஎல் அமெரிக்கத் தரம்). வெறும் 'சிஇ' என்ற ஐரோப்பிய முத்திரையைத் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பாதீர்கள். தர எண் இருந்தால், அதற்கான சோதனை அறிக்கையையும் கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் வாங்காதீர்கள். 'துபாயிலிருந்து என் மச்சான் விமானத்தில் கொண்டு வருகிறான், வரி மிச்சம்' என்கிற ரகமும் உண்டு. விமானத்தில் பயணி கொண்டு போகும் லித்தியம் பேட்டரிக்கு உச்ச வரம்பு 160 வாட் மணி (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு). அதுவும் 100ஐத் தாண்டினால் விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். சாதாரண சைக்கிள் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி; இரண்டையும் பெருக்கினால் 360 வாட் மணி. ஆகவே மச்சான் சைக்கிளைக் கொண்டு வரலாம், பேட்டரி வராது. அப்புறம் எங்கோ பழைய செல்களைப் பொறுக்கி ஒட்டிய பேட்டரியை உங்கள் தலையில் கட்டுவார்கள். தீப்பிடிப்பதில் பெரும்பங்கு இந்த மாதிரி ஒட்டுவேலைப் பேட்டரியும் பொருந்தாத சார்ஜரும்தான். பெடல் மிதிக்காமல் கையால் முறுக்கினாலே ஓடும் வண்டியாக இருந்தால், பதிவும் காப்பீடும் தேவையா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்தை யாரும் சொல்வதில்லை. மடக்கு வண்டியின் சின்னச் சக்கரத்துக்கு மெட்ரோ தண்டவாளம் பெரிய எதிரி. கத்ர போர்னில் சேன் ஜான் சாலையில் தண்டவாளம் தார் மட்டத்துக்குப் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்தை ஒட்டி ஓடும் பள்ளம் உங்கள் டயர் இறங்கிவிடும் அகலம்தான். சாய்வாகக் கடந்தால் சக்கரம் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், நீங்கள் முன்னால் பறப்பீர்கள். நேர்குறுக்காக, வேகம் குறைத்து, பிரேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். வாக்வா, கியூர்பீப் பக்கத்து மழையில் இரும்பு எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி வழுக்கும். மழை நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

செலவு குறைந்த வழியும் ஒன்று இருக்கிறது. உங்கள் மலை சைக்கிளில் வாக்வா ஸ்டேஷன் வரைக்கும் வாருங்கள், அங்கேயே பூட்டுங்கள். கம்பிக் கயிற்றுப் பூட்டு வேண்டாம், அதைச் சின்னக் கட்டரால் வெட்டிவிடலாம். கனமான யு வடிவப் பூட்டு வாங்கி, பின் சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்து, தரையில் பதித்த கம்பியோடு பூட்டுங்கள். முன் சக்கரம் கைப்பிடி நெம்புகோலால் கழலும் வகை என்றால் நட்டாக மாற்றிவிடுங்கள். போர்ட் லூயியில் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வேலையிடத்துக் காவல் கூண்டருகே இரவில் விட்டுவைக்க மேலாளரிடம் கேளுங்கள். மாலையில் அதில் விக்டோரியா வந்து பூட்டிவிட்டு ரயில் ஏறினால், காலையில் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் இரவு முழுக்க ஸ்டேஷன் வாசலில் விட்டால் சைக்கிள் தங்காது. அதனால் காலையில் பஸ், மாலையில் பஸ், பகலில் அலைய மட்டும் அந்தச் சைக்கிள் என்று வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு முனையிலும் மிதித்தே ஆக வேண்டும் என்றால் பேட்டரி இல்லாத 16 அல்லது 20 அங்குல மடக்கு வண்டிதான் உங்களுக்குச் சரி.

ரயிலுக்குள் அதைத் துணி உறையில் போட்டு, செயின் பக்கத்தை உங்கள் பக்கமாகத் திருப்பிக் கையிலேயே பிடித்து நில்லுங்கள். கிரீஸ் அடுத்தவர் புடவையில் பட்டால் அத்தனை நல்ல பெயரும் போய்விடும்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், 'மெட்ரோ அனுமதி' என்று அவர் எழுதிய செய்தியை அழித்துவிடாதீர்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி அதே உரையாடலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அந்தச் செய்தியின் படத்தோடும் பணம் அனுப்பிய ரசீதோடும் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்குப் போங்கள்.